ஓவர்கிளாக் கணினிக்கு வாட்டர் கூலிங்: வாங்குவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

டெஸ்க்டாப் கணினியை ஓவர்கிளாக் செய்ய நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "240 போதுமா, 360 வேண்டுமா?" என்ற கேள்வியைத்தான். இவை ரேடியேட்டரின் அளவை மில்லிமீட்டரில் குறிக்கும் எண்கள். ஆனால் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டுமானால் அதற்கு முன்பே வேறு இரண்டு எண்கள் கையில் இருக்க வேண்டும். பிராசசர் முழு வேலையில் இருக்கும்போது எத்தனை வாட் மின்சாரத்தை இழுக்கிறது என்பது ஒன்று. கணினி வைக்கப்பட்டிருக்கும் அறையின் வெப்பநிலை என்ன என்பது மற்றொன்று. இவை தெரியாமல் வாங்கினால், தேவையே இல்லாத இடத்தில் பெரிய ரேடியேட்டருக்குப் பணம் செலவாகும். அல்லது எவ்வளவு பெரியதை வாங்கினாலும் வெப்பநிலை இறங்காமல், குறை எங்கே என்று புரியாமல் திகைக்க நேரிடும்.

பிராசசர் இழுக்கும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. 150 வாட் இழுக்கும் பிராசசர், கணக்கில், 150 வாட் ஹீட்டர். ஓவர்கிளாக் என்பது, தயாரிப்பாளர் நிர்ணயித்த வேகத்துக்கு மேல் பிராசசரை ஓட்டுவது. வேகத்தைக் கூட்டும்போது சில்லு தடுமாறாமல் இயங்க வேண்டும் என்பதற்காகப் பெரும்பாலும் வோல்டேஜையும் கூட்டுகிறோம். வெப்பம் தாவி ஏறுவதற்கு இந்த வோல்டேஜ்தான் முக்கியக் காரணம். சில்லில் செலவாகும் சக்தி வேகத்துக்கு நேர்விகிதத்திலும், வோல்டேஜின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் கூடுகிறது. 4.5 கிகாஹெர்ட்ஸில் 1.20 வோல்ட்டில் ஓடும் ஒரு பிராசசரை 5 கிகாஹெர்ட்ஸுக்கும் 1.35 வோல்ட்டுக்கும் உயர்த்துவதாகக் கொள்வோம். வேகம் கூடியது 11 சதவீதம். வோல்டேஜ் கூடியது 12.5 சதவீதம்தான், ஆனால் அதை இருமடியாக்கினால் 26 சதவீதத்துக்கு மேல் வருகிறது. இரண்டையும் பெருக்கினால் வெப்பம் சுமார் 40 சதவீதம் கூடிவிடுகிறது. 150 வாட்டாக இருந்தது 210 வாட்டாகிறது. பதினொரு சதவீத வேகத்துக்கு நாற்பது சதவீத வெப்பம் என்பதுதான் ஓவர்கிளாக்கின் விலை.

ஆகவே முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது உங்கள் பிராசசரின் வாட் கணக்கு. பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்ணை மட்டும் நம்பிவிடக் கூடாது. 2022 அக்டோபரில் விற்பனைக்கு வந்த இன்டெல் கோர் ஐ9-13900கே பிராசசரின் அடிப்படைச் சக்தி 125 வாட். அதே நிறுவனம் அறிவித்த உச்சச் சக்தி 253 வாட். மதர்போர்டில் வரம்பை நீக்கிவிட்டால் அது 300 வாட்டையும் தாண்டும். அதன் தம்பியான கோர் ஐ5-13600கே பிராசசரின் உச்சம் 181 வாட். ஏஎம்டியின் ரைசன் 9 7950எக்ஸ் 170 வாட் என்று குறிப்பிடப்பட்டாலும், சாக்கெட் வழியாக அது 230 வாட் வரை இழுக்க அனுமதி உண்டு. இதற்கு நேர்மாறாக, விளையாட்டுக்காகப் பலரும் வாங்கிய ரைசன் 7 7800எக்ஸ்3டியில் வேகத்தை நிர்ணயிக்கும் பெருக்கியைக் கையால் உயர்த்த வழியில்லை. விளையாடும்போது அது இழுப்பதும் குறைவுதான். அதன் மேல் 360 ரேடியேட்டரை மாட்டுவது அழகுக்காக என்றால் மறுப்பில்லை, தேவைக்காக என்றால் வீண்.

இன்டெல்லின் 13, 14 ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர் வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். அந்தத் தலைமுறைகளின் உயர்ரகச் சில்லுகளில் சில, அளவுக்கு மீறிய வோல்டேஜால் நாளடைவில் நிலைகுலைந்தன. இன்டெல் 2024 இல் இதை ஒப்புக்கொண்டு, ஆகஸ்டில் 0எக்ஸ்129 என்ற மைக்ரோகோடையும் (பிராசசரின் உள்நிரலுக்கான திருத்தம்) அதைத் தொடர்ந்து 0எக்ஸ்12பி என்பதையும் வெளியிட்டது. பாதிப்புக்கு உள்ளாகக்கூடிய மாடல்களுக்கு உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. இந்தத் திருத்தங்களைக் கொண்டுவரும் பயாஸை, அதாவது மதர்போர்டின் அடிப்படை மென்பொருளை, புதுப்பிக்காமல் இந்தச் சில்லுகளை ஓவர்கிளாக் செய்வது கூடவே கூடாது. வோல்டேஜால் நேரும் சேதத்தை எந்தக் கூலராலும் தடுக்க முடியாது.

தண்ணீர் செய்யும் வேலை

வாட்டர் கூலிங் என்ற பெயரைக் கேட்டதும் தண்ணீர்தான் சில்லைக் குளிர்விக்கிறது என்று தோன்றும். உண்மையில் தண்ணீர் வெப்பத்தைச் சுமந்து செல்லும் வாகனம் மட்டுமே. பிராசசரின் மேல் அழுத்தி வைக்கப்படும் செம்புக் கட்டிதான் வாட்டர் பிளாக். அதன் உட்புறத்தில் முடியைப் போல நுண்ணிய வரிப்பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். அவற்றின் ஊடாகப் பாயும் நீர் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. பம்ப் அதைக் குழாய் வழியே ரேடியேட்டருக்குத் தள்ளுகிறது. ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு இடையே ஃபேன் காற்றை ஊதி, அந்த வெப்பத்தை அறைக் காற்றுக்குக் கைமாற்றுகிறது. கார் எஞ்சினுக்கு முன்னால் இருக்கும் ரேடியேட்டர் செய்வதும் இதைத்தான். ஆக, எந்த வழியில் போனாலும் வெப்பம் கடைசியில் வந்து சேரும் இடம் அறையின் காற்றே. அறைக்கு ஏசி இல்லையென்றால், 300 வாட் கணினி அந்த அறையில் 300 வாட்டைத்தான் கொட்டும். கூலரை மாற்றுவதால் அது ஒரு வாட்டும் குறையாது.

இந்த வேலைக்குத் தண்ணீர் ஏன் பொருத்தமானது என்பதற்குக் காரணம் எளிது. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கத் தேவைப்படும் ஆற்றல், ஒரு லிட்டர் காற்றுக்குத் தேவைப்படுவதைப் போல ஏறத்தாழ 3,500 மடங்கு. அதனால் விரல் தடிமனுள்ள குழாயில் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓடினாலே, நீரின் வெப்பநிலை ஒரு டிகிரி உயர்வதற்குச் சுமார் 70 வாட் என்ற கணக்கில் அது வெப்பத்தை எடுத்துச் செல்லும். 250 வாட் பிராசசரைக் கடந்து வெளிவரும் நீர், உள்ளே போன நீரைவிட மூன்றரை டிகிரிதான் கூடுதலாக இருக்கும். தொடக்கக்காரர்களை அலைக்கழிக்கும் இரண்டு ஐயங்களுக்கு இந்தக் கணக்கிலேயே விடை இருக்கிறது. சுற்றில் ரேடியேட்டர் முதலில் வர வேண்டுமா, பிளாக் முதலில் வர வேண்டுமா என்பது பெரிய விஷயம் அல்ல. சுற்று முழுவதும் நீர் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில்தான் இருக்கும். அதேபோல, ஓட்டம் போதுமானதாக ஆகிவிட்ட பிறகு பம்ப்பை இன்னும் வேகமாக ஓட்டுவதால் கிடைப்பது பெரும்பாலும் சத்தம் மட்டும்தான்.

காற்றுக் கூலரை இங்கே குறைத்து மதிப்பிட்டுவிடக் கூடாது. அதன் செம்புக் குழாய்களுக்குள்ளும் சிறிதளவு திரவம் ஆவியாகி, மறுமுனையில் குளிர்ந்து, திரும்பி வந்துகொண்டேதான் இருக்கிறது. அதற்குப் பம்ப் வேண்டியதில்லை என்பதே அதன் பெருமை. ஆஸ்திரியாவின் நாக்டுவா நிறுவனம் 2014 இல் வெளியிட்ட என்எச்-டி15 போன்ற இரட்டைக் கோபுரக் கூலர்கள், சிறிய ரேடியேட்டருள்ள பல வாட்டர் கூலர்களோடு தோள் உரசி நிற்கின்றன. அதன் உயரம் 165 மில்லிமீட்டர், ஃபேன்களோடு சேர்ந்த எடை 1.3 கிலோவுக்கு மேல். அந்த உயரமும் எடையும்தான் காற்றுக் கூலரின் எல்லை. இதற்கு மேல் தகடுகளைச் சேர்த்தால் மதர்போர்டு தாங்காது, கேபினெட் மூடாது. வாட்டர் கூலிங்கின் உண்மையான ஆதாயம் இங்கேதான் தொடங்குகிறது: வெப்பத்தை வெளியேற்றும் பரப்பைப் பிராசசரின் தலைமேல் சுமத்தாமல், இடம் இருக்கும் வேறு பக்கத்துக்குக் கொண்டுபோய், எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு பெரிதாக்கிக்கொள்ளலாம்.

மூன்று படிகள்

பிராசசரின் வெப்பநிலை என்பது மூன்று எண்களின் கூட்டல். முதல் எண் அறையின் வெப்பநிலை. இரண்டாவது, அறைக் காற்றைவிடத் தண்ணீர் எத்தனை டிகிரி சூடாக இருக்கிறது என்பது. இதை நிர்ணயிப்பவை ரேடியேட்டரும் ஃபேனும். மூன்றாவது, தண்ணீரைவிடச் சில்லின் உட்பகுதி எத்தனை டிகிரி சூடாக இருக்கிறது என்பது. இதை நிர்ணயிப்பவை சில்லின் பரப்பு, அதன் மேல் மூடியிருக்கும் உலோகத் தகடு, அதற்கும் பிளாக்குக்கும் இடையே பூசும் தெர்மல் பேஸ்ட், வாட்டர் பிளாக் ஆகியவை. பெரிய ரேடியேட்டர் வாங்கினால் குறைவது இரண்டாவது எண் மட்டுமே. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்ற முடிவுகள் தாமாகவே வந்துவிடும்.

எண்களை வைத்துப் பார்த்தால் தெளிவாகும். பின்வருபவை அளந்து எடுத்தவை அல்ல, கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. ஆயினும் நடைமுறைக்கு மிக நெருக்கமானவை. அறை 34 டிகிரி செல்சியஸ், பிராசசர் 250 வாட். 360 ரேடியேட்டரில் தண்ணீர் அறையைவிட 12 டிகிரி கூடுதலாக இருக்கிறது. தண்ணீரிலிருந்து சில்லுக்கு இன்னும் 42 டிகிரி. கூட்டினால் 88. ரேடியேட்டரை 240 ஆகக் குறைத்தால் பரப்பு மூன்றில் இரண்டு பங்காகி, 12 என்பது 18 ஆகிறது, சில்லு 94. மாறாக, 140 மில்லிமீட்டர் ஃபேன்கள் மூன்று கொண்ட 420 ஆகப் பெரிதாக்கினால் 12 என்பது 9 ஆகிறது; சில்லு 85. இரண்டு 360 ரேடியேட்டர்களை வைத்தாலும் 82தான். முதல் தாவலில் ஆறு டிகிரி கிடைத்தது. அதற்குப் பிறகு பணம் இரட்டிப்பாகியும் ஆறு டிகிரிக்கு மேல் கிடைக்கவில்லை. அந்த 42 டிகிரியை எந்த ரேடியேட்டராலும் தொட முடியாது. இதே கணக்கை 150 வாட் பிராசசருக்குப் போட்டால், 360 இல் 66, 240 இல் 70 என்று வரும். நான்கு டிகிரிக்காகக் கவலைப்பட ஒன்றுமில்லை. 300 வாட்டுக்குப் போட்டாலோ 360 இலேயே 99ஐத் தொட்டுவிடும். 13900கேயின் உச்ச வரம்பு 100 டிகிரி; அதை எட்டியதும் சில்லு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஓவர்கிளாக் செய்து கூட்டிய வேகம் அப்படியே காணாமல் போகும்.

மூன்றாவது படி ஏன் இவ்வளவு பெரியதாக இருக்கிறது என்று கேட்கலாம். வெப்பம் பிறக்கும் இடம் அவ்வளவு சிறியது. 7950எக்ஸ் பிராசசரில் கோர்கள் இரண்டு சில்லுத் துண்டுகளில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் பரப்பும் ஏறத்தாழ 70 சதுர மில்லிமீட்டர், அதாவது ஒரு விரல் நகத்தைவிடச் சிறியது. அந்தப் பரப்பிலிருந்து நூறு வாட் அளவுக்கு வெப்பம் வெளியேறியாக வேண்டும். அதனால்தான் அந்தச் சில்லு, முழு வேலையில் 95 டிகிரியைத் தொட்டு அங்கேயே நின்று ஓடும்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறது என்று ஏஎம்டி வெளிப்படையாகவே சொன்னது. பெரிய கூலரை மாட்டினால் அது 95லேயே நின்றுகொண்டு, கிடைத்த இடைவெளியில் சற்று வேகமாக ஓடும். இதை அறியாமல், "360 போட்டும் வெப்பநிலை இறங்கவில்லை" என்று கூலரின் மேல் பழி போடுபவர்கள் உண்டு. மூன்றாவது படியைக் குறைக்க வழிகள் இல்லாமல் இல்லை. பேஸ்ட்டைச் சரியாகப் பூசுவது, பிளாக்கைச் சீரான அழுத்தத்தில் திருகுவது, இன்டெல்லின் எல்ஜிஏ1700 சாக்கெட்டில் பிராசசர் வளையாமல் இருக்கக் கான்டாக்ட் ஃப்ரேம் என்ற உலோகச் சட்டத்தை மாட்டுவது ஆகியவை தொடக்கக்காரர்களும் செய்யக்கூடியவை. மூடித் தகட்டையே பெயர்த்து எடுக்கும் டிலிட் வேலை அவர்களுக்கு உரியதல்ல.

முதல் படியான அறை வெப்பநிலையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கூலர்களைச் சோதித்து வெளியிடப்படும் முடிவுகளில் பெரும்பாலானவை 20 முதல் 25 டிகிரி வரையிலான அறைகளில் எடுக்கப்பட்டவை. மே மாதச் சென்னையில் ஏசி இல்லாத அறை 34 டிகிரியில் இருந்தால், அந்த முடிவுகளோடு பத்து டிகிரியைக் கூட்டிக்கொண்டுதான் படிக்க வேண்டும். அங்கே 85 என்று வருவது இங்கே 95. எனவே நல்ல சோதனைகளில், அறையைவிட எத்தனை டிகிரி கூடுதல் என்ற வித்தியாசத்தைத்தான் தருவார்கள். ஒப்பிடுவதற்கு அந்த எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் எந்தக் காலத்திலும் அறையைவிடக் குளிர்ச்சியாகாது என்பதும் இதிலிருந்தே விளங்கும். ஐஸ் கட்டியைப் போட்டால் ஆகுமே என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு: 34 டிகிரி அறையில் ஈரப்பதம் 60 சதவீதம் என்றால், பனித்துளி படியும் வெப்பநிலை சுமார் 25 டிகிரி. அதற்குக் கீழே குளிர்ந்த எந்தக் குழாயின் மேலும், பிளாக்கின் மேலும் காற்றிலிருந்து நீர் வேர்த்துப் படியும். கசிவே இல்லாமல் மதர்போர்டு நனைவது இப்படித்தான்.

எதை வாங்குவது

வாங்குவதற்கு மூன்று வகைகள் இருக்கின்றன: காற்றுக் கூலர், ஆல்-இன்-ஒன் என்றும் சுருக்கமாக ஏஐஓ என்றும் அழைக்கப்படும், தொழிற்சாலையிலேயே நீர் நிரப்பி மூடப்பட்ட கூலர், பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நாமே கோக்கும் கஸ்டம் லூப். ஓவர்கிளாக் செய்த பிறகும் 150 வாட்டுக்குள் நிற்கும் பிராசசருக்கு நல்ல காற்றுக் கூலரே போதும் என்பது என் கருத்து. 150 முதல் 250 வாட் வரை ஏஐஓ பொருந்தும். 250க்கு மேல் 360 அல்லது 420 ஏஐஓ. அதுவும் வெப்பமான அறையில் எல்லைக்கோட்டில்தான் நிற்கும். கிராபிக்ஸ் கார்டையும் சேர்த்துக் குளிர்விக்க வேண்டும் என்றால்தான் கஸ்டம் லூப்பைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ஏஐஓவின் அளவைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரில் உள்ள எண்ணைவிடப் பரப்பைப் பாருங்கள். 240 என்பது 120 மில்லிமீட்டர் ஃபேன்கள் இரண்டு. முகப்புப் பரப்பு 288 சதுர சென்டிமீட்டர். 280 என்பது 140 மில்லிமீட்டர் ஃபேன்கள் இரண்டு, பரப்பு 392. 360 என்பது 120 ஃபேன்கள் மூன்று, பரப்பு 432. ஆகவே 280 என்பது 240க்கு அடுத்த சிறு படி அல்ல, 360க்குப் பக்கத்து வீடு. பெரிய ஃபேன்கள் குறைந்த சுழற்சியிலேயே அதே அளவு காற்றைத் தள்ளுவதால் சத்தமும் அடங்கியிருக்கும். கேபினெட்டில் 140 ஃபேன்களுக்கு இடம் இருந்தும் 240 வாங்குவதற்கு நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அந்த இடத்தைத்தான் வாங்குவதற்கு முன் ஸ்கேலை வைத்து அளக்க வேண்டும். வழக்கமான ரேடியேட்டரின் தடிமன் 27 மில்லிமீட்டர், ஃபேனின் தடிமன் 25, மொத்தம் 52. ஆர்க்டிக் நிறுவனத்தின் லிக்விட் ஃப்ரீசர் வரிசையில் ரேடியேட்டரே 38 மில்லிமீட்டர் என்பதால் மொத்தம் 63 ஆகிறது. கேபினெட்டின் மேற்கூரைக்கும் மதர்போர்டின் மேல் விளிம்புக்கும் இடையே அவ்வளவு இடைவெளி இல்லையென்றால், ரேடியேட்டர் ரேம் குச்சிகளின் மேலோ, வோல்டேஜ் பகுதியின் மேல் இருக்கும் ஹீட்சிங்க்கின் மேலோ இடிக்கும். கேபினெட்டின் விவரக் குறிப்பில் "360 பொருந்தும்" என்று இருப்பது நீளத்தைப் பற்றி மட்டுமே சொல்லியிருக்கலாம். தடிமனைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

மாட்டும் நிலையிலும் ஒரு விதி உண்டு. பெரும்பாலான ஏஐஓக்களில் பம்ப், பிளாக்கின் மேலேயே ஒட்டியிருக்கும். மூடிய சுற்றானாலும் உள்ளே சிறிதளவு காற்று எப்போதும் இருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல நீர் குழாய்ச் சுவரின் வழியே மிக மெதுவாக வெளியேறி அந்தக் காற்று கூடும். காற்று எப்போதும் உயரமான இடத்தில் போய் நிற்கும். அந்த உயரமான இடம் பம்ப்பாக இருந்துவிடக் கூடாது. ரேடியேட்டர் மேற்கூரையில் இருந்தால் கவலை இல்லை. முன்பக்கத்தில் மாட்டினால் ரேடியேட்டரின் மேல் முனையாவது பம்ப்பைவிட உயரமாக இருக்க வேண்டும். கேபினெட்டின் அடியில் மாட்டுவது தவறு. கொஞ்ச நாளில் பம்ப் கரகரக்கத் தொடங்கும். முன்பக்கமா மேற்கூரையா என்பதில் ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. முன்பக்கத்தில் வெளிக்காற்று நேராக ரேடியேட்டருக்குள் வருவதால் பிராசசருக்கு நல்லது. ஆனால் சூடாகிய அந்தக் காற்றையே கிராபிக்ஸ் கார்டு சுவாசிக்க வேண்டியிருக்கும். மேற்கூரையில் இதற்கு எதிர்மாறு. விளையாட்டுக்கான கணினி என்றால் மேற்கூரையையே தேர்ந்தெடுப்பேன். வீடியோ ரெண்டர் செய்வதற்கு பிராசசர் மணிக்கணக்கில் உழைக்கும் கணினி என்றால் முன்பக்கத்தை.

ஏஐஓ என்பது தேய்ந்து போகும் பொருள் என்பதையும் ஏற்றுக்கொண்டுதான் வாங்க வேண்டும். பெரும்பாலானவற்றில் பிளாக் செம்பிலும் ரேடியேட்டர் அலுமினியத்திலும் இருக்கும். இந்த இரண்டு உலோகங்களும் ஒரே நீரில் இருந்தால் அலுமினியம் அரிக்கப்படும் என்பதால், கிளைகால் கலவையில் அரிப்புத் தடுப்பான் சேர்த்து நிரப்பியிருப்பார்கள். நீர் குறைவதும், தடுப்பான் வலுவிழப்பதும், பம்ப் தேய்வதும் காலப்போக்கில் நடந்தே தீரும். நல்ல தயாரிப்புகளுக்கு 5 அல்லது 6 ஆண்டு உத்தரவாதம் கிடைக்கிறது. அந்தக் காலத்தையே அதன் ஆயுளாகக் கருதிக்கொள்வது விவேகம். காற்றுக் கூலரில் கெடக்கூடியது ஃபேன் ஒன்றுதான். அதை மாற்றினால் வேலை முடிந்தது.

கஸ்டம் லூப் வேறு உலகம். ஆர்டிஎக்ஸ் 4090 போன்ற 450 வாட் கிராபிக்ஸ் கார்டும் 250 வாட் பிராசசரும் ஒரே சுற்றில் இருந்தால் 700 வாட்டை வெளியேற்ற வேண்டும். 120 மில்லிமீட்டர் ஃபேன் அளவுள்ள ஒவ்வொரு பகுதிக்கும் 100 முதல் 150 வாட் என்பது இத்துறையில் புழங்கும் தோராயக் கணக்கு. அப்படியானால் இரண்டு 360 ரேடியேட்டர்கள் வேண்டும். டி5 வகைப் பம்ப், நீர்த்தொட்டி, ஜி 1/4 அளவு மரை கொண்ட ஃபிட்டிங்குகள் (குழாய் இணைப்பிகள்), குழாய் என்று பாகங்களைச் சேர்த்தால், செலவு நல்ல ஏஐஓவின் விலையைப் போலப் பல மடங்காகிவிடும். முதல் முறை கோப்பவர்கள் வளையும் ரப்பர்க் குழாயைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. சூடாக்கி வளைக்கும் பிஇடிஜி, அக்ரிலிக் குழாய்கள் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் வெட்டிலும் வளைவிலும் நேரும் ஒரு மில்லிமீட்டர்ப் பிழை கசிவில் முடியும். பிஇடிஜி வெப்பத்தில் இளகக்கூடியது என்பதால் நீர் 60 டிகிரியை நெருங்கவே விடக் கூடாது.

கஸ்டம் லூப்பில் எல்லாப் பாகங்களும் செம்பு, பித்தளை, நிக்கல் பூச்சு என்ற குடும்பத்துக்குள் இருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று ஓர் அலுமினிய ரேடியேட்டரை நடுவில் சேர்த்தால், அரிப்பு தொடங்கி, கசடு பிளாக்கின் நுண்வரிகளை அடைத்துவிடும். ஊற்றும் நீரைப் பொறுத்தவரை, குடிப்பதற்கு வாங்கும் கேன் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் உதவாது; அவற்றில் கரைந்துள்ள உப்புகள் படியும். காய்ச்சி வடித்த நீரோடு அரிப்புத் தடுப்பானையும் பாசிக் கொல்லியையும் கலக்கலாம், அல்லது கலந்தே விற்கப்படும் கூலன்ட்டை வாங்கலாம். மின்சாரம் கடத்தாத திரவம் என்ற விளம்பரத்தை நம்பிக் கவனக்குறைவாக இருக்கக் கூடாது. சில மாதங்கள் உலோகத்தோடு உறவாடிய எந்த நீரும் கடத்தத் தொடங்கும்.

கசிவைப் பற்றிய பயம் எல்லோருக்கும் உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஆப்பிள் நிறுவனம் 2004 இல் வெளியிட்ட 2.5 கிகாஹெர்ட்ஸ் பவர் மேக் ஜி5 கணினியில் திரவக் குளிரூட்டல் இருந்தது. அந்த வரிசைக் கணினிகளில் சில, ஆண்டுகள் கழித்துக் கசிந்தன. ஆனாலும் கஸ்டம் லூப்பில் நேரும் கசிவுகளில் பெரும்பாலானவை முதல்முறை நீர் நிரப்பும்போதே வெளிப்பட்டுவிடும் என்பதால், அந்தக் கட்டத்தில் பொறுமை காத்தால் போதும். மதர்போர்டுக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் போகும் மின்கம்பிகளை எல்லாம் கழற்றிவிட்டு, பம்ப்புக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து, ஒவ்வொரு ஃபிட்டிங்குக்கும் கீழே வெள்ளை டிஷ்யூ பேப்பரை விரித்து, ஒரு நாள் முழுவதும் ஓட விட வேண்டும். மின்சாரம் இல்லாத பலகையின் மேல் சொட்டினால், துடைத்து நன்றாக உலர்த்தி மீண்டும் பயன்படுத்திவிடலாம்.

மாட்டிய பிறகு

புதிய கூலரை மாட்டியதும் பிராசசருக்கு முழு வேலை கொடுக்கும் சினிபெஞ்ச் சோதனையை ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்து மகிழ்ந்துவிடுவது வழக்கம். தண்ணீரின் விஷயத்தில் அது ஏமாற்றும். ஒரு லிட்டர் நீர் ஒரு டிகிரி சூடாக 4,180 ஜூல் தேவை. 250 வாட் முழுவதும் நீரிலேயே தங்கினாலும் ஒரு டிகிரிக்கு 17 வினாடி ஆகும். ரேடியேட்டர் இடையிலேயே வெப்பத்தை வெளியேற்றிக்கொண்டிருப்பதால், நீர் தன் இறுதி வெப்பநிலைக்கு வந்து நிற்கக் கால் மணி நேரம் பிடிக்கும். அரை மணி நேரம் சோதித்த பிறகு தெரியும் எண்ணே உண்மையான எண். இந்தத் தாமதம் ஒரு வசதியும்கூட: விளையாட்டின் நடுவே சில வினாடிகள் சுமை ஏறும்போது நீர் அதை விழுங்கிக்கொள்ளும், ஃபேன்கள் வேகம் பிடிக்க வேண்டியதே இல்லை.

ஆனால் பயாஸில் ஃபேன் வேகத்தைப் பிராசசரின் வெப்பநிலையோடு கட்டிவைத்தால் அந்த வசதி பாழாகும். சில்லின் வெப்பநிலை ஒரு நொடியில் இருபது டிகிரி ஏறி இறங்கும். ஃபேன்களும் அதன் பின்னாலேயே ஊளையிட்டு அடங்கும். நீரின் வெப்பநிலையைக் காட்டும் சென்சார் இருந்தால் ஃபேனை அதோடு இணையுங்கள். இல்லையென்றால், வேகம் மாறுவதற்குச் சில வினாடி தாமதத்தைப் பயாஸிலேயே அமைத்துக்கொள்ளலாம். பம்ப்பை எப்போதும் ஒரே வேகத்தில் ஓட விடுங்கள்.

அரை மணி நேரச் சோதனைக்குப் பிறகு வெப்பநிலை எல்லையை ஒட்டி நின்றால், அடுத்த கூலரைத் தேடுவதற்கு முன் வோல்டேஜை 0.05 வோல்ட் குறைத்துப் பாருங்கள். 1.35 இலிருந்து 1.30 ஆனாலே வெப்பம் சுமார் 7 சதவீதம் குறைகிறது. முன்பு போட்ட கணக்கின்படி, 250 வாட்டில் அது மூன்று டிகிரிக்கு மேல். 360ஐ 420 ஆக மாற்றிப் பெற்ற பலன் அதுவேதான், இங்கே செலவு ஏதும் இல்லை. வோல்டேஜைக் குறைத்ததும் கணினி தடுமாறினால், வேகத்தையும் 100 மெகாஹெர்ட்ஸ் இறக்கிப் பார்க்கலாம். அன்றாடப் பயன்பாட்டில் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

கடைசியாக, எல்லாம் சரியாக அமைந்த நாளில் மூன்று எண்களைக் குறித்து வையுங்கள்: அறையின் வெப்பநிலை, பிராசசர் இழுத்த வாட், அரை மணி நேர முடிவில் சில்லின் வெப்பநிலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே சோதனையை ஓட்டி, சில்லுக்கும் அறைக்கும் உள்ள வித்தியாசத்தை ஒப்பிடுங்கள். வாட் மாறாமல் வித்தியாசம் மட்டும் ஏறியிருந்தால் முதலில் ரேடியேட்டரின் தகடுகளில் படிந்த தூசியை ஊதி எடுங்கள். நம் ஊர்த் தூசிக்குப் பெரும்பாலும் அதுவே விடையாக இருக்கும். அப்படியும் இறங்கவில்லை என்றால் தெர்மல் பேஸ்ட்டை மாற்றுங்கள். அதற்கும் அசையவில்லை, குழாய்களில் ஒன்று கொதிக்கிறது மற்றொன்று சில்லென்று இருக்கிறது என்றால், பம்ப் நின்றுவிட்டது.